தகுதியுள்ள கண் மீதம் இல்லை

சான் எலாதியோ
அக்டோபர் 16, வியாழக்கிழமை

அன்பு மகள் சுனில்டாவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், அதுவும் தனித்தனி ஆளா நல்லா இருக்கோம், இந்த ஒரு வரியை எழுதறதுக்கு எங்களுக்கு மூணு மாசம் பிடிச்சது. அங்க ஸ்பெயின்ல, சரகோசாவுல நீயும் மாப்பிள்ளையும் பாப்பா அராமியும் அதே மாதிரி ஆளுக்கொரு ஆளா சுகமா இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கறேன். போன்ல சொல்லாம ஏன் தாள்ல எழுதறான்னு நெனைப்ப. நம்ம ஊர்ல போனுக்கு உயிர் வர்ற இடம் அன்செல்மோ கடை வாசல் ஒண்ணுதான், அங்க நின்னு உன்கிட்ட ஒண்ணு சொன்னா நீ பதில் சொல்றதுக்குள்ள ரொட்டி வாங்க வந்தவங்க பதில் சொல்லிடறாங்க. இது குடும்ப விஷயம், உன் காதுக்குத்தான் முதல்ல வரணும், அதான் கோந்து போட்டு ஒட்டி தபால்ல போடச் சொல்லி பஸ் டிரைவர் கையில கொடுத்து விடறேன். உட்கார்ந்து படி. அடுப்புல ஏதாச்சும் இருந்தா எறக்கி வச்சிட்டுப் படி.

முதல்ல உங்க அப்பாவோட கண்ணு விஷயம். ரெண்டு கண்ணுலயும் புரை, முழுசா வெள்ளை படர்ந்துடுச்சு. எனக்கே அஞ்சு மாசத்துக்கு முன்னாடிதான் தெரியும், அப்படி மறைச்சிருக்காரு மனுஷன். நீ பாப்பாவைப் போன்ல காட்டும்போதெல்லாம் அடடா என்ன அழகு என்ன அழகுன்னு உருகினாரே, போனைத் தலைகீழாப் பிடிச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமை லீக் ஆட்டத்துக்கு அவர்தான் இன்னமும் ரெஃப்ரி. பந்து சத்தத்தை வச்சு, ஜனங்க கத்தறதை வச்சு விசில் ஊதிட்டு இருந்திருக்காரு. ரெண்டு டீமுக்கும் ஒரே அளவு கண்ணு தெரியாததால ரெண்டு பேருமே நடுநிலையான ஆளுன்னு புகழ்ந்துட்டு இருந்தாங்க. மே மாசம் மைதானத்துக்குள்ள நுழைஞ்ச மாட்டுக்கு மஞ்சள் அட்டை காட்டினாரு. மாடும் எதிர்த்துப் பேசாம வெளியே போயிடுச்சு, அதனால யாருக்கும் சந்தேகம் வரல. எனக்குத்தான் வந்தது. கையைப் பிடிச்சு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். கண் டாக்டருங்க வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் அங்க வருவாங்க, அக்டோபர் பத்தாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டியல் மூடிடும், இந்த வருஷம் விட்டா புரை கல்லு மாதிரி இறுகிடும், அப்புறம் எடுத்தாலும் பிரயோஜனம் இருக்காதுன்னு சொல்லிட்டாங்க. சரி, பேரை எழுதிக்கோங்கன்னேன். இனிமே நாங்க பேர் எழுதறதில்லம்மா, ஒரே சாவி இருந்தா அதுவே எழுதிக்கும்னாங்க. அங்கதான் ஆரம்பிச்சது கூத்து.

ஒரே சாவின்னா உனக்குப் புரியணும். பராகுவே முழுக்க ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பத்திர ஆபீஸ், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே சாவி, போன்லயே திறந்துக்கலாம், எவனும் உன் பேர்ல ஏமாத்த முடியாதுன்னு அரசாங்கம் கொண்டு வந்தது. ஜூலை மாசம் தலைநகர் அசுன்சியோன்லேர்ந்து நோர்மான்னு ஒரு ஆபீசர் பொண்ணு வந்து பள்ளிக்கூடத்துல உட்கார்ந்து எல்லாரையும் பதிஞ்சா. நல்ல பொண்ணு, பாவம், ஒல்லி, நான் கொடுத்த சீப்பா ரொட்டியை நாலு கடியில முடிச்சா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரகசியக் கேள்வி வேணுமாம், பதில் நமக்கு மட்டுமே தெரிஞ்சிருக்கணுமாம். நீங்க வளர்த்த முதல் நாய் பேர் என்னன்னு கேட்டுப் பாத்தா, பாதிப் பேர் நாயை நாய்னுதான் கூப்பிட்டிருக்காங்க. முதல் டீச்சர் பேர் கேட்டா ஊருக்கே ஒரு டீச்சர். கடைசியில, உங்க ஞானத்தாய் பேர் என்னன்னு கேக்கறேன், இதை எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சந்தோஷமா எல்லாருக்கும் அதையே போட்டுட்டா. அசுன்சியோன்ல ஆளுக்கு ஒரு ஞானத்தாய் இருப்பாங்க போல. நம்ம ஊர்ல ஞானஸ்நானத்துக்குப் போடற வெள்ளை கவுன் ஞா செஃபெரினா பாட்டி ஒருத்தங்ககிட்டதான் இருக்குன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும். கவுன் கொடுக்கறவங்களை விட்டுட்டு வேற யாரை ஞானத்தாயா நிக்க வைக்க முடியும் சொல்லு. அறுபது வருஷமா ஊரே அந்தக் கவுனுக்குள்ள புகுந்துதான் வெளியே வந்திருக்கு. ஆக முன்னூத்திப் பன்னெண்டு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நின்னு ஒரே ரகசியத்தைச் சத்தமா சொல்லிட்டு வந்தோம்.

போன் நம்பர் கேட்டா. எல்லாரும் அன்செல்மோ கடை நம்பரையே கொடுத்தோம், அங்கதானே எடுக்கும். பத்து நிமிஷத்துல ஆளுக்கொரு ரகசிய எண் வந்து விழ ஆரம்பிச்சது. அன்செல்மோ பொறுப்பான ஆளு, தனித்தனியா வீட்டுக்குப் போய்ச் சொல்ல முடியுமா, அதனால சாவு செய்தி, காணாம போன பன்னி எல்லாம் சொல்ற ஒலிபெருக்கியில போட்டுட்டாரு. என் முறை வந்தப்போ, கிறிஸ்பினா அயாலா கவனிக்கவும், உங்க ரகசிய எண் நாலு எட்டு ஒண்ணு ஏழு, இதை யாருக்கும் சொல்ல வேண்டாம்னு ஊர் முழுக்கக் கேட்டுச்சு. ஒரு திருட்டும் நடக்கல. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்ச ஊர்ல எவன் எதைத் திருடுவான். ஆனா அசுன்சியோன்ல இருக்கற மிஷினுக்கு நம்மளைத் தெரியாதே. ஒரே ரகசியம், ஒரே நம்பர், முன்னூத்திப் பன்னெண்டு பேர்னு பாத்ததும், ஓகோ யாரோ ஒரு பலே கேடி இத்தனை பேர்ல நடமாடறான்னு முடிவு கட்டிடுச்சு. மறுநாள் காலையில எல்லார் பேருக்கும் ஒரே சேதி: உங்கள் பாதுகாப்புக்காக உங்கள் நகல்கள் நீக்கப்பட்டன, நீங்கள் ரொபுஸ்தியானோ காசெரெஸ்.

ஏன் ரொபுஸ்தியானோன்னா, அவன்தான் முதல் ஆளு. எங்க வரிசைன்னாலும் விடியறதுக்கு முன்னாடி நாற்காலி கொண்டு போய்ப் போடுவானே, அதே ஆளுதான். அடுத்தவன் சமாச்சாரம்னா மூக்கை நுழைக்கறவன், இப்போ சட்டப்படி அடுத்தவனே அவனாயிட்டான். தலைகால் புரியல அவனுக்கு. தண்ணிக் கமிட்டி தேர்தல்ல ஊருக்கு ஒரே ஒரு ஓட்டுன்னு வந்தது, அவனே போட்டு அவனே ஜெயிச்சான். கர்ப்பிணிங்க வகுப்புக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலேர்ந்து அவன் பேருக்குக் கடிதம் வந்ததும் சட்டை இஸ்திரி போட்டுட்டுப் போய் முன் வரிசையில உட்கார்ந்தான். மூணாம் வகுப்புல கணக்குல ஃபெயில், ஆறாம் வகுப்புல முதல் இடம், குடல்வால் அஞ்சு தடவை எடுத்தாச்சு, பிரசவம் பதினொண்ணு, அதுல ஒண்ணு ரெட்டை. இது தப்புன்னு சொல்லணும்னா போன்ல சாவிக்குள்ள போகணும். போனா, நீங்கள்தான் ரொபுஸ்தியானோவா அப்படின்னு கேக்கும். கீழ ரெண்டே பொத்தான். ஒண்ணு ஆமாம். இன்னொண்ணு, பிறகு நினைவூட்டு. நான் பிறகு நினைவூட்டையே அமுக்கினேன் கண்ணு, தினமும் காலையில ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில எனக்கு நினைவூட்டிட்டே இருந்தாங்க.

ஊரே சிரிச்சுட்டு இருந்தது, நானும் சிரிச்சேன். செப்டம்பர்ல கண் பட்டியலுக்குப் போனப்பதான் சிரிப்பு நின்னுச்சு. ஜன்னல்ல இருந்த அம்மா தட்டிப் பாத்துட்டு, ரொபுஸ்தியானோவுக்கு ஏற்கெனவே ஒன்பது கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கேன்னாங்க. இவரு ரொபுஸ்தியானோ இல்லம்மா, எலெயூத்தேரியோ பெனித்தெஸ், இதோ ரெண்டு கண்ணும் வெள்ளையா உங்க முன்னாடிதான் நிக்குதுன்னேன். அவங்க திரையை என் பக்கம் திருப்பினாங்க. தகுதியுள்ள கண் மீதம் இல்லை, அப்படின்னு எழுதியிருந்தது. திரும்பி வர்ற வழியெல்லாம் உங்க அப்பா என் தோளைப் பிடிச்சுட்டே நடந்தாரு. வீட்டு வாசல்ல வந்து, விடு கிறிஸ்பி, இருட்டு பழகிடும்னாரு. விசில் கழுத்துல தொங்குது, கண்ணு எங்கேயோ பாக்குது, இருட்டு பழகிடும்னு எனக்கு ஆறுதல் சொல்றாரு. எனக்கு ஆத்திரமா வந்தது. சமையல்கட்டுல போய் ஓன்னு அழுதேன், அப்புறம் மூக்கைச் சிந்திட்டு அன்செல்மோ கடை வாசலுக்குப் போய் நோர்மாவுக்குப் போன் போட்டேன். மறுநாளும் போட்டேன். பதினெட்டு நாள் விடாம போட்டேன்.

கடைசியில பட்டியல் மூடற அந்த வெள்ளிக்கிழமை காலையிலதான் அந்தப் பொண்ணு விதிப் புத்தகத்தைத் தூக்கிட்டு பஸ்சை விட்டு எறங்கினா. முகமே வாடிப் போச்சு அவளுக்கு, எல்லாம் தன்னாலதான்னு. விதி என்னன்னா, ஒவ்வொருத்தரும் ரகசியக் கேள்விக்கு யார் பேரைச் சொன்னாங்களோ அவங்களே நேர்ல வந்து, ஆமாம் நான்தான் இவருக்கு ஞானத்தாய்னு கட்டை விரல் வச்சா, அந்த ஆளு தனி ஆளாயிடலாம். ஆனா சாட்சி சொல்றவங்க அந்த முடிச்சுல மாட்டாதவங்களா இருக்கணும். நல்ல வேளை, ஊர்லயே ரொபுஸ்தியானோ ஆகாத ஒரே ஆளு ஞா செஃபெரினாதான். ஜூலையில பதிய வரச் சொன்னப்பவே, நான் யாருன்னு கேக்கற மிஷின் அது யாருன்னு மொதல்ல சொல்லட்டும்னு வீட்டை விட்டே வெளியே வரல. எண்பத்தாறு வயசுல அன்னிக்கு கறுப்பு சால்வை போட்டுட்டு அன்செல்மோ கடை வாசல் மாமரத்தடியில வந்து உட்கார்ந்தாங்க. வரிசை பள்ளிக்கூடத்தைச் சுத்தி வந்தது. ஒவ்வொருத்தரா ரெண்டு கையும் கூப்பி, ஆசீர்வாதம் கொடுங்க ஞானம்மான்னு நிக்க, அவங்க முகத்தைப் பாக்காம கவுன் ஞாபகத்தை வச்சே கண்டுபிடிச்சாங்க. நீ கவுன்ல மூத்திரம் போனவ. நீ கழுத்துப் பட்டையில பால் கக்கினவன். ரொபுஸ்தியானோ வந்ததும், நீ லேஸைக் கடிச்சு முழுங்கினவன், இன்னும் திருப்பித் தரலன்னாங்க. நோர்மா ஆதாரம்ங்கற கட்டத்துல கறை, கறை, கறைன்னு அடிச்சுட்டே வந்தா, மிஷின் ஒவ்வொண்ணா ஏத்துக்கிச்சு. மதியம் ஒரு மணிக்கு நான் மறுபடியும் கிறிஸ்பினா ஆனேன். என்ன கறைன்னு கேக்காதே.

அப்புறம் உங்க அப்பா முறை. கையைக் கூப்பிக்கிட்டு நின்னாரு. ஞா செஃபெரினா மேலயும் கீழயும் பாத்துட்டு, நீ என் கவுனைப் போட்டதில்லையேன்னாங்க. அப்போதான் எனக்கே உறைச்சது. ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்தானே உங்க அப்பா, இருபத்திநாலு வயசுல ஒரே ஒரு ஆட்டத்துக்கு விசில் ஊத வந்தவரு, என் வீட்டுலயே தங்கிட்டாரு. ஏன்யா இந்தப் பேரைக் கொடுத்தீங்கன்னு கேட்டா, எழுத்து தெரியல, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, கண்ணு தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்தது, எல்லாருக்கும் போட்டதையே எனக்கும் போடுன்னு சொல்லிட்டேன்னாரு. நோர்மா வாயைப் பொத்திக்கிட்டா. பொய்ப் பதில்னா மோசடியாம், பட்டியல் மட்டுமில்ல, சாவியே கிடையாதாம். பதிலை மாத்தணும்னா உள்ளே போகணும், உள்ளே போகணும்னா ரொபுஸ்தியானோவா இருக்கணும். மணி ரெண்டு. ஒரு சின்னப் பொய்தானே ஞானம்மா, விரலை வச்சிடுங்கன்னு ரொபுஸ்தியானோ கூடக் கெஞ்சினான். கிழவி விசிறியால அவன் மண்டையில ஒண்ணு போட்டாங்க. இவன் நல்லவன், எனக்குத் தெரியும், என் பேரனுக்கு நியாயமாத்தான் சிவப்பு அட்டை காட்டினான், ஆனா என் பிள்ளை இல்ல, நான் இன்னிக்கு ஒரு பொய் சொன்னா காலையிலேர்ந்து வச்ச விரல் அத்தனையும் பொய்யாயிடும்னாங்க. உங்க அப்பா, அவங்க சொல்றது சரி, வா போகலாம்னு என் தோளைத் தேடினாரு.

நான் விடல. நோர்மாகிட்ட, ஞானத்தாய்னா உங்க புத்தகத்துல என்ன எழுதியிருக்கு, முழுசாப் படின்னேன். அவ படிச்சா: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இதுல எந்தச் சடங்குல துணை நின்னவங்களும் ஞானத்தாயே. படிச்சு முடிக்கறதுக்குள்ள ஊரே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. முப்பத்திநாலு வருஷமா நானும் அப்பாவும் கோயில்ல கல்யாணம் பண்ணிக்கலன்னு உனக்குத் தெரியும், நம்ம ஊர்ல அது பெரிய விஷயமும் இல்ல. ஞா செஃபெரினா சால்வையை இழுத்து விட்டுட்டு, கிறிஸ்பினா என் பிள்ளை, இவன் அவளைக் கட்டினா நான் கல்யாண ஞானத்தாயா நிக்கறேன், அப்போ ரெண்டு பேருக்கும் நான் தாய், அது பொய்யில்லன்னாங்க. மாசத்துக்கு ஒரு தடவை வர்ற ஃபாதர் அன்னிக்குக் கோயில்ல இருந்தது தெய்வ சங்கல்பம். அவர் முதல்ல அரசாங்கப் பதிவு ஆகட்டும்னாரு. பதிவுக்காரரு தட்டினா திரையில என்ன வருது தெரியுமா, மணமகள் கிறிஸ்பினா அயாலா, மணமகன் ரொபுஸ்தியானோ காசெரெஸ், இவர் ஏற்கெனவே மணமானவர். உங்க அப்பாதான் இன்னும் அவன் பேர்லயே இருக்காரே. ரொபுஸ்தியானோ பொண்டாட்டி எர்மீனியா, அடிப் பாவி என் புருஷன்தான் கிடைச்சானான்னு செருப்பைக் கழட்டிட்டு என் மேல பாய்ஞ்சா. மணி மூணு. ஃபாதர் தலையில கையை வச்சிட்டு, சரி, பதிவு பிறகு, என் புத்தகம் பேனாவால எழுதறது, இதுல அவரு எலெயூத்தேரியோதான்னு வெள்ளை அங்கியை மாட்டினாரு.

சொல்லிடறேன் மகளே, எனக்கு ஒரு பக்கம் கோபம். இத்தனை வருஷம் கேக்காத மனுஷன், ஒரு மிஷினுக்காகக் கட்டிக்கறானேன்னு. பூசைப் பீடத்துக்கு முன்னாடி அதைச் சொல்லியும் விட்டேன். அதுக்கு உங்க அப்பா, நான் கேட்டேனேன்னாரு. எப்போய்யான்னேன். நான் இந்த ஊருக்கு வந்த வருஷம், ஆட்ட இடைவேளையில, மைதானத்துல வச்சு கேட்டேன், நீ சிரிச்சுட்டு தண்ணி கொடுத்துட்டுப் போயிட்ட, அப்புறம் கேக்க எனக்கு தைரியம் வரலன்னாரு. சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. கழுத்துல விசிலோட வந்து சொன்னா விளையாட்டுன்னு நெனைக்காம வேற என்ன நெனைப்பா ஒருத்தி. முப்பத்திநாலு வருஷம் அதை மனசுல வச்சுட்டு என் பக்கத்துலயே படுத்து எழுந்திருக்காரு, வாயைத் திறக்கல. நான் பாட்டுக்கு அழ ஆரம்பிச்சுட்டேன், ஃபாதர் கேட்ட கேள்விக்கு ஆமாம்னு சொன்னேனா இல்லையான்னு கூடத் தெரியல, எர்மீனியாதான் சொல்லிட்டா சொல்லிட்டான்னு கத்தினா.

மூணு ஐம்பதுக்கு மாமரத்தடிக்கு ஓடினோம், கிழவியை நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. விரல் வச்சாங்க. நோர்மா ஆதாரம்ங்கற கட்டத்துல என்ன போடறதுன்னு முழிச்சா, கிழவி கண்ணீர்னு போடும்மான்னாங்க. மிஷின் சுத்திச்சு, சுத்திச்சு, அப்புறம் எலெயூத்தேரியோ பெனித்தெஸ்னு வந்தது, உடனே கண் பட்டியலைத் திறந்தா, தகுதியுள்ள கண்கள் இரண்டு. கோல் விழுந்த மாதிரி கத்தினாங்க கண்ணு. அன்செல்மோ ஒலிபெருக்கியில, எலெயூத்தேரியோவுக்கு ரெண்டு கண்ணு இருக்கு, ரெண்டு கண்ணு இருக்குன்னு மூணு தடவை சொன்னாரு.

திங்கட்கிழமை வலது கண்ணை ஆபரேஷன் பண்ணினாங்க, இடது பக்கம் டாக்டருங்க கிளம்பறதுக்கு முன்னாடி அடுத்த வாரம். செவ்வாய்க்கிழமை காலையில கட்டைப் பிரிச்சாங்க. நான் கட்டில் பக்கத்துல நின்னுட்டிருந்தேன், மருந்து வழியுது அவருக்கு, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னையே பாத்தாரு. எப்போ இவ்வளவு நரைச்சது உனக்குன்னாரு. ஆபரேஷன் ஆன ஆளாச்சேன்னு அடிக்காம விட்டேன். அப்புறம் என் கையைப் பிடிச்சு, வெள்ளிக்கிழமை நான் உன்னைப் பாக்கவே இல்லையே கிறிஸ்பி, இன்னொரு தடவை கட்டிக்கலாமான்னாரு. வார்டுல பதினாறு பேர் இருந்தாங்க. நான் சிரிக்கல. ஆமாம்னு சத்தமா சொன்னேன்.

அதனால அரசாங்கப் பதிவை டிசம்பர் இருபதாம் தேதி சனிக்கிழமை வச்சிருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவோட வந்துடணும், சாக்குப்போக்கு சொல்லாதே. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஞா செஃபெரினாவைப் போன்ல கூப்பிட்டு, முகம் காட்டி, ஆசீர்வாதம் கேளு. உன்னை ஜூலையில நான்தான் பதிஞ்சேன், அந்தக் கணக்குல நீ இன்னும் ரொபுஸ்தியானோ. நோர்மா நவம்பர் கடைசி வரைக்கும்தான் இங்க இருப்பா, தூரத்துல இருக்கற பிள்ளைங்களுக்குப் போன்ல முகத்தைப் பாத்தே ஞானம்மா விரலை வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கா. குளிர்ல வெறும் கால்ல நடக்காதே. மாதா உங்க மூணு பேரையும் மூணு பேராவே வச்சுக் காப்பாத்தட்டும், பாப்பாவுக்கு ரெண்டு கன்னத்துலயும் என் முத்தம்.

முப்பத்திநாலு வருஷத்துல முதல் தடவையா உங்க அப்பா பேரையும் சேர்த்து முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போடறேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ,

உன் அம்மா
கிறிஸ்பினா அயாலா தெ பெனித்தெஸ்